ஆறுமணிக்குருவியைப் பார்த்துவிட்டோம்

கச்சிராயபாளையம்
18.1.1988

அன்பு மாறாத என் வீட்டுக்காரருக்கு அம்சவள்ளி எழுதுவது. நானும் பாப்பாவும் நலம். வேலூர்ச் சிறையில் குளிர் ஜாஸ்தி என்கிறார்கள். போர்வை கொடுத்தார்களா? இதைப் பிரித்துப் படிக்கும் அதிகாரி ஐயாவுக்கும் வணக்கம். இதில் அரசியல் இல்லை, குருவிதான்.

சைக்கிள் கடையைத் தினமும் திறக்கிறேன். பஞ்சர் ஒட்டப் பழகிவிட்டேன். சக்கரத்துக்குக் கோட்டம் எடுக்கத்தான் இன்னும் கை வரவில்லை.

ஆறு வருடமாகத் தை மாதத்தில் ஊரைக் கூட்டிக்கொண்டு அணைக்காட்டுக்குக் குருவி பார்க்கப் போனீர்கள். நான் ஒரு நாளும் வந்ததில்லை, திட்டியிருக்கிறேன். இந்த வருடம் அது நின்றுவிடும் என்று எல்லோரும் பேசியது எனக்குப் பொறுக்கவில்லை. நேற்று ஞாயிறு விடியலில் நானே கூட்டிக்கொண்டு போனேன்.

யார் வருவார்கள் என்ற பயம்தான். செப்டம்பரில் இட ஒதுக்கீடு கேட்டு நம் ஆட்கள் சாலையை மறித்த வாரத்தில், காலனியில் பால்வாடி டீச்சர் கமலாவின் கூரை எரிந்ததே, அன்றிலிருந்து அவர்கள் நம் தெருவுக்கு வருவதில்லை, நம்மவர்கள் அங்கே போவதில்லை. நான் கமலா வீட்டுக்கே போய்க் கூப்பிட்டேன். கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். பிறகு, "வரேன்க்கா. முன்னயும் நடக்கமாட்டேன், பின்னயும் நடக்கமாட்டேன். கூடத்தான் நடப்பேன்" என்றாள்.

என்னையும் சேர்த்து நம் தெருவில் ஒன்பது பேர், காலனியில் ஏழு பேர் வந்தார்கள். நம் தெரு ஆட்களில் உங்கள் சின்னம்மா மகன் பொன்னுரங்கமும் ஒருவர். தனித்தனியாகத்தான் நடந்தார்கள். இருந்த ஒரே பைனாகுலரும் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு என் கை வழியாகவே போனது. வாலாட்டி, ஈப்பிடிப்பான் என்று நோட்டில் எழுதிக்கொண்டே போனேன். ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை.

ஓடையோரம் புதருக்கு அடியில் சருகு அசைந்தது. பைனாகுலர் அப்போது கமலாவிடம். பச்சை முதுகு, நீலச் சிறகு, அடிவயிற்றில் சிவப்பு என்று மூச்சை அடக்கிக்கொண்டு சொன்னாள். இத்தனை வருடம் நீங்கள் குரலை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பிய அதே ஆறுமணிக்குருவி.

பொன்னுரங்கம் எல்லாவற்றையும் மறந்து அவள் பக்கத்தில் போய்க் குந்தினார். "எங்கம்மா கீது? எனக்குத் தெரியலியே, குடும்மா" என்றார்.

கமலா தன் கழுத்திலிருந்த பைனாகுலர் வாரைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டாள். "அதோ, சருகைத் தள்ளிக்கினு இருக்குது பாருங்க" என்றாள்.

அதற்குப் பிறகு எதுவும் என் வழியாகப் போக வேண்டியிருக்கவில்லை. பதினாறு பேரும் பார்த்தோம். மொத்தம் நாற்பத்தொரு வகை. நீங்கள் முப்பத்தெட்டைத் தாண்டியதில்லை, ஞாபகம் இருக்கட்டும். அணைக்கரையில் உட்கார்ந்து சாப்பிட்டபோது, கமலா கொண்டுவந்த புளிச்சோற்றைப் பொன்னுரங்கம் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

கூரை எரிந்த வழக்கில் ஜாமீன் வேண்டாம், எந்த முகத்தோடு கமலாவைப் பார்ப்பது என்று போன கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். அன்று நீங்கள் நெருப்பு வைக்கவில்லை, வைத்தவர்களைத் தடுக்கவும் இல்லை. அதை அவளிடம் நான் மறைக்கவில்லை. பிரியும்போது அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அண்ணனை வரச் சொல்லுங்கக்கா. வந்து அவரு வாயால சொல்லட்டும், நான் கேக்கறேன்."

வெள்ளிக்கிழமை வக்கீல் காகிதம் கொண்டுவருவார். கையெழுத்துப் போடுங்கள். உங்களோடு அவள் வீட்டு வாசல் வரை நானும் வருகிறேன்.

உங்கள்
அம்சவள்ளி