பிக்கப் வண்டியின் ஹீட்டர்

அன்பு மகள் மேரனுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், அம்மா, உன் தம்பி கிம்பல், மாடுகள் எல்லாரும் சுகம். அந்த ஃபின்லாந்து இருட்டிலும் பனியிலும் நீ சுகமாக இருக்கவேண்டும் என்று காலையும் ராத்திரியும் முழங்கால் போட்டுக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். கவரில் என் கையெழுத்தைப் பார்த்ததும் வீட்டில் என்னவோ என்று நினைத்திருப்பாய். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, பயப்படாதே. பால் வாங்கிக்கொண்டு வா என்று ஒரு துண்டுச்சீட்டு எழுதக்கூட உன் அப்பன் யோசிப்பான், அவன் இத்தனை பக்கம் எழுதுகிறான் என்றால் காரணம் இருக்கும் இல்லையா, சொல்கிறேன், பொறுமையாகப் படி.

நீ திங்கள்கிழமை வீடியோவில் கூப்பிடும்போது நடப்பதுதான் உனக்கே தெரியுமே. அம்மா முன்னால் உட்கார்ந்துகொள்வாள், கிம்பல் நடுவில் தலையை நுழைத்துச் சேட்டை பண்ணுவான், நான் பின்னால் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பேன், என் முறை வரும்போது நல்லா சாப்பிடு கண்ணு, நல்லா வேலை செய் என்று சொல்லிவிட்டு மாட்டைப் பார்க்கப் போய்விடுவேன். அந்தப் பக்கம் உன் ஊழிய ஜோடி, டோங்காத் தீவுப் பெண், சிஸ்டர் வைனீ, உன் தோளுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பாள். நல்ல பெண்தான், சிரித்த முகம். வீடு வீடாகப் போய்ச் சுவிசேஷம் சொல்கிற ஊழியத்தில் ஒருத்தி கண்ணுக்கும் காதுக்கும் எட்டாமல் இன்னொருத்தி இருக்கக்கூடாது என்பது சட்டம், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் கூட்டத்தில் ஒரு மகள் அப்பாவிடம் என்னத்தைச் சொல்லிவிட முடியும். மின்னஞ்சலில் எழுதலாம் என்றால் அம்மா அதைப் பிரின்ட் எடுத்துச் சபைப் பெண்கள் கூட்டத்தில் விநியோகம் பண்ணிவிடுவாள், போன வாரம் நீ சளி பிடித்திருக்கிறது என்று எழுதியதற்கு நம் சபை வார்டில் பாதிப்பேர் என்னிடம் வைத்தியம் சொன்னார்கள். அதனால்தான் காகிதம். தீவனக் கம்பெனிக்காரன் கொடுத்த அட்டையில் தாளை வைத்து வண்டிக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன், முதல் கன்று போடும் கிடாரி ஒன்று காலையிலிருந்து எழுந்து எழுந்து படுக்கிறது, அது முடிவு பண்ணும்வரை எனக்கும் வேறு வேலை இல்லை.

இந்தக் குளிர்காலம் ரொம்ப நீளமாக இருக்கிறது மேரன். பனி வேலிக்கம்பி உயரத்துக்கு நிற்கிறது. நீ இருந்தவரை தீவனம் போடப் போகும்போது பக்கத்து ஸீட்டில் ஏறிக்கொண்டு வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வருவாய், கொஞ்சம் சும்மா இருக்கமாட்டியா என்று நானே அதட்டியிருக்கிறேன். இப்போது சும்மா இருக்கிறது, காது அடைக்கிற அளவுக்குச் சும்மா இருக்கிறது. உன் பச்சைக் கையுறை இன்னும் வண்டியின் முன்பலகைமேல்தான் கிடக்கிறது. கிம்பல் எடுத்துப் போட்டுக்கொள்ளப் பார்த்தான், வைடா அதை என்றேன், ஒரு கையுறைக்கு இந்தக் கோபமா என்று முறைத்துக்கொண்டு போனான். நான் நாள் முழுக்கத் தனியாக இருக்கிறேன், நீயோ ஒரு நிமிஷம்கூடத் தனியாக இருக்க முடியாது. இதில் யாருக்குத் தனிமை அதிகம் என்று யோசித்துப் பார்க்கிறேன், எனக்குப் பிடிபடவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு வாரத்துக்கு முந்தின திங்கள்கிழமை நீ ஒன்று சொன்னாயே, உன்னை அங்கே ஊழியம் செய்யும் பெண்களுக்கெல்லாம் தலைவியாகப் போட்டபிறகு தினமும் சாயங்காலம் ஒவ்வொருத்திக்கும் போன் பண்ணி எப்படி இருக்கிறாய் என்று கேட்கிறாய், அதில் ஒருத்தி மட்டும் வீட்டுக்குப் போகணும் என்று அழுகிறாள், மார்மன்களா, வேண்டாம் என்று ஜனங்கள் கதவைச் சாத்துவதுகூட அவளுக்குப் பெரிசில்லை, ராத்திரி தூக்கமே வருவதில்லை, சாப்பாடு இறங்குவதில்லை, அடுத்த இடமாற்றம் வரைக்கும் இருந்துவிடு என்று சொல்லி நீதான் அவளைப் பிடித்து வைத்திருக்கிறாய் என்று. யாரும்மா அந்தப் பொண்ணு என்று அம்மா கேட்டாள், பேர் சொல்லக்கூடாதும்மா என்று சிரித்தாய். அப்போது சிஸ்டர் வைனீ சிரிக்கவில்லை. அவள் உன் பின்தலையையே பார்த்தாள், அப்புறம் குனிந்து தன் கையைப் பார்த்துக்கொண்டாள். அம்மா கவனிக்கவில்லை, அவள் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் நிற்கிறவனுக்குத்தான் பின்னால் இருக்கிறது தெரியும்.

அதற்கடுத்த ஞாயிறு உபவாச ஞாயிறு. பசித்த வயிறோடு எல்லாரும் உட்கார்ந்திருக்க ஒவ்வொருத்தராக எழுந்து சாட்சி சொல்கிறார்கள். உன் அம்மா எழுந்து முன்னால் போனாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் பொண்ணு அங்க ஒரு பொண்ணு ஊழியத்தைப் பாதியில விட்டுட்டு ஓடிடாம காப்பாத்தியிருக்கா, ஆண்டவருக்கு நன்றி என்று சொன்னாள். பிஷப் தலையாட்டினார், கிழவிகள் மூக்கைச் சிந்தினார்கள். நானும் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தினேன், பொய் சொல்வானேன். அப்போது கடைசி வரிசையிலிருந்து வெர்ல் ஸ்டோக்கர் எழுந்து வெளியே போய்விட்டான்.

வெர்லை உனக்குத் தெரியும், உன்னைப் பள்ளிக்கூட பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனவன். அவன் எங்களோடு சேர்ந்து படித்தவன், பத்தொன்பது வயதில் இரண்டு வருஷ ஊழியத்துக்குப் போய் நாலே மாதத்தில் திரும்பி வந்தவன். இப்போது பேரன் எடுத்துவிட்டான். இன்னும்கூட யாராவது புதுக் குடும்பம் வார்டுக்கு வந்தால், அவரா, அவர் சீக்கிரம் வந்துட்டவரு என்றுதான் அடையாளம் சொல்கிறார்கள். பஸ் ஓட்டுறவரு என்று சொன்னால் குறைந்தா போய்விடும். வீட்டுக்கு வரும் வழியில் உன் அம்மாவிடம் சொன்னேன், வெர்ல் எழுந்து போயிட்டான் பார்த்தியா என்று. அவள் வாயில் கை வைத்துக்கொண்டாள், அவனை நினைக்கவே இல்லையே, ஐயோ என்றாள்.

மறுநாள் கன்று இழுக்கிற சங்கிலி இரவல் கேட்கிற சாக்கில் வெர்ல் வீட்டுக்குப் போனேன். உன்கிட்ட ரெண்டு சங்கிலி இருக்கே, எதுக்கு வந்தே என்றான். அவனிடம் சாக்குச் சொல்லி நடக்காது. நேராகவே கேட்டேன், அப்ப உனக்கு என்னடா ஆச்சு என்று. இத்தனை வருஷத்தில் யாரும் கேட்டதே இல்லையாம். எப்ப திரும்பிப் போறே என்று கேட்டார்களாம், ஏன் வந்தே என்று கேட்டார்களாம், தூங்கினியா சாப்பிட்டியா என்று ஒருத்தரும் கேட்கவில்லையாம். ஏர்போர்ட்டில் இறங்கினால் அவன் அப்பா பிஷப்பையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றாராம். எங்கப்பா மட்டும் தனியா வந்திருந்தா நான் அங்கேயே அழுதிருப்பேன், அழுதிருந்தா சரியாப் போயிருக்கும் என்றான். அப்புறம் இன்னொன்று சொன்னான். அங்கே அவனுக்குத் தலைவனாக இருந்த பையன் தினமும், இன்னும் கொஞ்சம் இரு, இன்னும் கொஞ்சம் இரு என்று சொல்லிக்கொண்டே இருந்தானாம். வருஷங்கள் கழித்து அவனே போன் பண்ணி, அதை உனக்குச் சொல்லலடா, எனக்கே சொல்லிக்கிட்டேன் என்றானாம்.

வீட்டுக்குத் திரும்பிவர எனக்கு வெகுநேரம் பிடித்தது. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். சிஸ்டர் வைனீ ஏன் குனிந்து கையைப் பார்த்தாள் என்பது அப்போதுதான் உறைத்தது. ராத்திரி உன் பக்கத்திலேயே படுக்கிறவளுக்கு, தூங்காமல் கிடப்பது யார் என்று தெரியாமலா இருக்கும்.

மேரன், தூக்கம் வராத அந்தப் பெண் யார் என்று நான் கேட்கப்போவதில்லை. யாராகவும் இருக்கட்டும். நான் நினைப்பது தப்பாகக்கூட இருக்கலாம், அப்பனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று வைனீயிடம் சொல்லிச் சிரி, எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் எல்லாருக்கும் போன் பண்ணி எப்படி இருக்கிறாய் என்று கேட்கிறாயே, உன்னை யார் கேட்கிறார்கள். ஊழியத் தலைவர் எத்தனை வீடு போனீர்கள் என்று கேட்பார், அம்மா ஏதாவது நல்ல சேதி உண்டா என்று கேட்பாள், நான் நல்லா வேலை செய் என்று சொல்லிவிட்டு ஓடிவிடுவேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அதனால் ஒரு ஏற்பாடு. நீ போகுமுன்பே நம் பிக்கப்பில் ஹீட்டர் கெட்டுப்போனது ஞாபகம் இருக்கிறதா, முழங்காலில் கம்பளியைப் போட்டுக்கொண்டு பல் கிட்டிக்க வருவாயே. இந்தக் கடிதம் கிடைத்தபிறகு வரும் திங்கள்கிழமை, உனக்கு வீட்டுக்கு வரவேண்டும் என்று இருந்தால், அப்பா வண்டியில ஹீட்டர் சரிபண்ணியாச்சா என்று ஒரு வார்த்தை கேள். அது போதும். யாருக்கும் ஒன்றும் விளங்காது. நான் தொப்பியைப் போட்டுக்கொண்டு நேரே பிஷப்பிடம் போவேன், பேசவேண்டியதை நானே பேசுகிறேன். அம்மாவிடமும் நான் சொல்லிக்கொள்கிறேன், அது என் தலைவலி. உன் சித்தி உனக்காக வரவேற்புத் துணியில் எழுத்தெல்லாம் தைத்து வைத்திருக்கிறாள், அது பரணிலேயே கிடக்கட்டும். பலூன் கிடையாது, பிஷப் கிடையாது, நான் மட்டும் ஏர்போர்ட்டுக்கு வருவேன். வழியில் ஒரு கேள்வி கேட்கமாட்டேன். பசித்தால் ஹாம்பர்கர் வாங்கித் தருகிறேன், தூக்கம் வந்தால் தூங்கு, வார்டில் எவனாவது எப்ப திரும்பிப் போறே என்று கேட்டால் அவனை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அம்மாவைத் தப்பாக நினைக்காதே. அவளுக்குப் பெருமை இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை, சர்ச் வராந்தாவில் ஊழியத்துக்குப் போனவர்கள் வரிசையில் மாட்டியிருக்கிற உன் போட்டோவைத் துடைக்காமல் ஒரு ஞாயிறும் உள்ளே போகமாட்டாள். ஆனால் யாரும் இல்லாத உன் அறையை இந்தக் குளிரில் அவள் கதகதப்பாக வைத்திருக்கிறாள், கேட்டால் சுவரில் ஈரம் ஏறிடும் என்கிறாள். வெர்ல் வீட்டுக்கும் உருளைக்கிழங்கும் சீஸும் வைத்துச் சுட்டு எடுத்துக்கொண்டு போனாள். என்ன பேசினார்கள் என்று சொல்லவில்லை, பாத்திரத்தைக் காலியாகக் கொண்டுவந்தாள்.

ஹீட்டரைப் பற்றி நீ கேட்காமல் கிடாரி கன்று போட்டதா என்று கேட்டால், சரி, என் மகள் இருக்க முடிவு பண்ணிவிட்டாள் என்று எடுத்துக்கொள்வேன். அதிலும் எனக்குச் சந்தோஷம்தான், நிஜமாகச் சொல்கிறேன். இருந்தாயானால் ஒன்று செய். அந்தப் பெண்ணிடம் இரு என்றும் சொல்லாதே, போ என்றும் சொல்லாதே, என்ன சாப்பிட்டே என்று கேள். நீயும் சாப்பிடு. போகிற வீட்டிலெல்லாம் நம் சபையில் கூடாத காபியை நீட்டுகிறார்கள், வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது என்று எழுதியிருந்தாய், சூடாகப் பாலாவது கேட்டு வாங்கிக் குடி. கால் ஈரமாக இருக்கக்கூடாது, கம்பளிச் சாக்ஸ் இரண்டு ஜோடி தனியாக அனுப்பியிருக்கிறேன், ஒன்று வைனீக்கு. அவள் தீவில் பனி ஏது, பாவம்.

கிடாரி மறுபடியும் படுத்துவிட்டது, இந்தத் தடவை நிஜம்தான் போலிருக்கிறது, நான் இறங்கவேண்டும். பரலோகப் பிதா உன் கூடவே இருந்து உன்னைத் தூங்கவைக்கட்டும். நீ தலைவியாக இருந்தாலும் இல்லாவிட்டாலும், முழுக்க முடித்து வந்தாலும் பாதியில் வந்தாலும், பக்கத்து ஸீட் உன்னுடையது. திங்கள்கிழமையை மறக்காதே.

உன் அன்புள்ள அப்பா,
லோரின் டோல்மன்

பி.கு. ஹீட்டரை நேற்றே சரிபண்ணிவிட்டேன். நீ கேட்டாலும் கேட்காவிட்டாலும் அது வேலை செய்யும். இதை எழுதும்போதே உன் கையுறை சூடாகிவிட்டது.