எடை மெஷினைத் தேடுகிறவருக்கு

சாப்பாட்டை அடுப்பின்மேல் மூடி வைத்திருக்கிறேன். சூடு பண்ணிக்கொள்ளக் கை இருக்கிறதல்லவா?

நேற்று உங்கள் தம்பி முன்னால், "ஜிம்முக்குப் போய் ரெண்டு கிலோ ஏத்திக்கிட்டு வந்திருக்கா" என்று என்ன ஒரு சிரிப்பு! அவரும் சேர்ந்து பல்லைக் காட்டினார்.

புதிதாக வெயிட் தூக்கினால் தசை தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், மெல்ல மெல்லத் தானும் வளரும். அதனால் கொழுப்பு குறைந்தாலும் முள் ஏறலாம். மெஷினுக்குத் தசையும் கொழுப்பும் ஒன்றுதான். உங்களுக்கும் அப்படித்தான். இடுப்பில் நிற்காத பேன்ட்டுக்கு நான் ஊக்கு குத்திக்கொண்டு அலைவது மட்டும் உங்கள் கண்ணில் படாது.

பிளம்பர் வருவார். பக்கத்திலேயே நின்று வேலை வாங்குங்கள். என்னைப் போனில் கூப்பிட வேண்டாம், எடுக்க மாட்டேன்.

சாவி ஷூ ஸ்டாண்டில்.

பி.கு.: மெஷின் உங்கள் புத்தகப் பெட்டிக்கு அடியில் இருக்கிறது. வீடு மாறி வந்த அன்று நீங்களும் தம்பியும் மூச்சு வாங்கி, "இதை அசைக்கவே முடியாது" என்று ஹால் நடுவிலேயே விட்டீர்களே, அதே பெட்டிதான். நான் ஒருத்தியாகத்தான் தூக்கி வைத்தேன். மெஷின் வேண்டுமென்றால் தம்பியையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.