அறுபது நாள் பத்தியம்

வடமதுரை,
ஞாயிறு, பூசை முடிந்து

ஜெசிந்தா அப்பாவுக்கு டெய்சி அன்போடு எழுதுவது. மஸ்கட் வெயிலில் மாதா உங்களைக் காக்கட்டும். போனில் பேசினால் வீடு முழுக்கக் கேட்கிறது. அதனால் லீவு முடிந்து திரும்பும் ஆண்டனிராஜ் அண்ணனிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். எலுமிச்சை ஊறுகாயும் அவரிடம் இருக்கிறது, கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் தம்பி பெண்டாட்டி ஷைனியைப் பற்றி எழுதக் கூடாது என்றுதான் பேனாவை எடுத்தேன். முடியவில்லை. எனக்குப் பிறகு இந்த வீட்டுக்கு வந்தவள், எனக்கு இருபது நாள் முன்னால் பெற்றாள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். நிலக்கோட்டையில் தாய்வீட்டில் கீரை, மீன், பழம், சொம்பு சொம்பாகத் தண்ணீர் என்று ஒன்றையும் விடவில்லை அவள். எனக்குத் தாயில்லை, அத்தைதான் பார்த்தார்கள். “பச்சை உடம்புல தண்ணி குடிச்சா வகுறு பெருத்துரும், தொண்டையை நனைச்சுக்கிட்டாப் போதும்” என்றார்கள்.

அத்தை சொன்னது நாற்பது நாள் பத்தியம். நான் அறுபது நாள் இருந்தேன். சுட்ட கருவாடும் பூண்டு ரசச் சோறும்தான், அதுவும் ஒரு கைப்பிடி. ஷைனியைவிட நல்ல தாய் யாரென்று ஊர் பார்க்கட்டும் என்ற வீம்பு. ஷைனி பையனோடு இங்கே திரும்பி வந்த பிறகு, அங்கன்வாடியில் கொடுத்த என் பங்கு சத்துமாவைக்கூட அவளே கொழுக்கட்டை பிடித்துத் தின்றாள். எடுத்துக்கொள் என்று நான்தான் சொன்னேன். என்றாலும் தின்றாளே.

உங்களிடம் மறைத்தது இனிதான். பிறக்கும்போது பாப்பா ஜெசிந்தா இரண்டே முக்கால் கிலோ. இரண்டு மாதம் கழித்து அங்கன்வாடித் தராசில் மூன்று கிலோ நூறுதான். ஷைனி பையன் ஐந்தரை. “நீ பட்டினி கிடந்தா பிள்ளைக்கு எங்கிட்டிருந்து சுரக்கும்?” என்று நர்சம்மா எல்லோர் முன்னாலும் திட்டினார். வயிறாரச் சாப்பிட்டு, தாகம் தீரத் தண்ணீர் குடித்து, அடிக்கடி மார்பில் போடச் சொன்னார்.

மறுநாள் ரேஷன் கடையிலிருந்து வந்து பார்த்தால் நம் மகள் ஷைனி மார்பில் கிடக்கிறாள். என்னிடம் ஐந்து நிமிடத்தில் வீரிட்டு அழுபவள், அவளிடம் கண்மூடிக் குடிக்கிறாள். பிடுங்கிக்கொண்டேன். உன் பிள்ளை போதாதா, என் பிள்ளையும் வேண்டுமா என்று கேட்டுவிட்டேன். பாப்பா அவளைப் பார்த்துத்தான் அழுதாள்.

இரண்டு நாள் பாப்பாவை யார் கையிலும் தரவில்லை. மூத்திரத் துணி சரியாக நனையவில்லை. மூன்றாம் நாள் அழுவதையும் நிறுத்திவிட்டாள். அப்போதுதான் பயந்தேன். நானே தூக்கிப்போய் ஷைனி மடியில் போட்டேன். அவள் ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. ஒரு கையில் பாப்பாவைப் பிடித்துக்கொண்டு, முருங்கைக்கீரை பிசைந்த சோற்றுத் தட்டை மறு கையால் என் பக்கம் தள்ளி, “நீ சாப்டியாக்கா?” என்றாள். அன்று சாயந்திரமே பாப்பாவை நர்சம்மாவிடமும் காட்டினோம்.

இப்போது எனக்கும் பால் ஊறுகிறது. ஒரு மாதமாகிறது, பாப்பா நான்கு கிலோ தாண்டிவிட்டாள். அங்கன்வாடி புவனேஸ்வரி டீச்சர் என்னைத்தான் மெச்சினார்கள். ஷைனி சுவரில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பாப்பாவுக்கு ஏறிய எடையில் எத்தனை கிராம் அவள் பால் தந்தது என்று நான் சொல்லவில்லை. செபமாலையில் அவள் பெயரையும் சேர்த்திருக்கிறேன், கடைசியில்தான்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். போன் எடுத்ததும் பாப்பா குடித்தாளா என்றுதான் கேட்கிறீர்கள். அத்தையும் அதையே கேட்கிறார்கள். அடுத்த முறை, நீ சாப்பிட்டாயா என்று முதலில் என்னைக் கேளுங்கள். இதுவரை அதைக் கேட்டவள் ஷைனி ஒருத்திதான். அதையுமா நான் அவளிடமிருந்தே வாங்கிக்கொள்ள வேண்டும்?

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்
டெய்சி