மச்சானுக்கு எதிராக ஒரு கை

கர்நாடகப் பக்கம், ஏதோ ஒரு ரிசார்ட்
12-9-2025

என் வீட்டு மேலிடத்துக்கு,

வேறு யாராவது சொல்லி நீ கேட்பதற்குள் என் மானக்கேட்டை நானே சொல்லிவிடுகிறேன். இங்கே நீச்சல்குளத்தில் வேட்டியோடு இறங்கினேன். நான் இந்தப் பக்கம் ஏறினேன். கட்சிக்கரை வேட்டி அந்தப் பக்கம் ஒதுங்கியது. கவுன்சிலர் சாந்தம்மா கண்ணை மூடிக்கொண்டு துண்டை எறிந்தார். "ஏண்ணா, கட்சி மாறுறவங்ககூட வேட்டிய வீட்ல போயித்தான மாத்துவாங்க" என்றார்.

வந்ததும் எல்லார் செல்போனையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அதனால்தான் இந்தக் கோழிக் கிறுக்கல். காய்கறி வாங்க ஓசூர் வரும் டிரைவர் ராஜ்குமாரிடம் பதில் கொடு.

மூன்று வேளையும் கறி. வாசலில் காவலுக்கு ஆள். திங்கட்கிழமை வேனில் நேராகப் பேரூராட்சிக் கூட்டத்துக்குக் கொண்டுபோவார்களாம். உன் அண்ணனைத் தலைவர் பதவியிலிருந்து இறக்க நாங்கள் கவுன்சிலர்கள் எல்லாரும் கை தூக்க வேண்டும். கட்சி உத்தரவு. நம் கட்சிக்காரரை நம் கட்சியே ஏன் இறக்குகிறது என்று கேட்டேன். இன்னும் ரெண்டு துண்டு மட்டன் வைத்தார்கள்.

அருள்ஜோசப்

13-9-2025

எஸ்லின் அப்பாவுக்கு,

ஸ்தோத்திரம். வேட்டிக் கதைக்குச் சிரித்தேன். மீதியைப் படித்து அழுதேன்.

ஒரு கை குறைந்தாலும் தீர்மானம் தோற்றுவிடும் என்கிறார் அண்ணன். "மாப்ள தூக்க மாட்டாரு, நீ சாப்புடு பாப்பா" என்று எனக்கே ஆறுதல் சொல்கிறார். கம்பெனிக் கழிவை ஏரியில் விட அவர் சம்மதிக்கவில்லை. அவர் செய்த குற்றம் அதுதான் என்று உங்களுக்கும் தெரியும். முழங்கால் வலியோடு உங்கள் வார்டில் வீடு வீடாக ஏறி இறங்கி உங்களுக்கு ஓட்டுக் கேட்டவர் அவர்.

நீங்கள் தூக்கினால் நான் அண்ணன் வீட்டில் இருப்பேன். கூப்பிட வராதீர்கள்.

ஜெபசீலி

18-9-2025

ஜெபசீலிக்கு,

நீ போனை எடுக்கவில்லை. அதனால் மறுபடியும் கிறுக்கல்.

கூட்டத்தில் ஒவ்வொருவராகக் கை தூக்கினார்கள். மச்சான் அவர்களைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். கட்சி சொன்னால் தூக்கிப் பழகிய கை, தானாகப் போய்விட்டது என்று உன்னிடம் சொல்லலாம் என வரும் வழியெல்லாம் யோசித்தேன். பொய். நான்தான் தூக்கினேன். அடுத்த தடவை சீட் தர மாட்டார்கள் என்று பயம். தூக்கிய பிறகும் மச்சான் முகத்தில் அந்தச் சிரிப்பு கொஞ்ச நேரம் இருந்தது. எடுத்து எங்கே வைப்பது என்று தெரியாத மாதிரி.

வீடு பூட்டியிருந்தது. கட்சிக்காரர்கள் எனக்கு மாலை போட்டு வாசலில் சரவெடி கொளுத்தினார்கள். நீ கொடியில் எடுக்காமல் விட்டுப்போன கிறிஸ்துமஸ் புடவையில் பொறி விழுந்தது. மாலையைக் கழற்றிவிட்டு வாளி தேடுவதற்குள் முந்தானை போய்விட்டது. மீதியை மடித்து பீரோவில் வைத்திருக்கிறேன்.

அருள்ஜோசப்