பட்டுண்டையும் பூனையும் ஒரே வீட்டில்

நாள் 1, காலை 8.10

நிலவின் மறுபக்கம், விலங்குத் தனிமைக்கூடம். எழுதுவது ஜெசிந்தா, கால்நடை மருத்துவர். இங்கே வேறு மனிதர் இல்லை.

வேலை இதுதான்: பூனை இருக்கும் வீட்டில் பட்டுண்டை வளர்க்கலாமா என்று சோதித்துச் சான்றிதழ் தர வேண்டும். பட்டுண்டை வியாழனின் பனி நிலவொன்றிலிருந்து வந்த பிராணி. கைக்குள் அடங்கும். கண் இல்லை, குரல் இல்லை. வெள்ளை ரோமம், அடியில் சின்னதாக ஒரு வாய். அவித்த முட்டை தின்கிறது. ஊரில் இப்போது எல்லாருக்கும் இது வேண்டுமாம். பூனை அதைத் தின்றுவிடுமோ என்பது ஒன்றுதான் கம்பெனியின் கவலை.

சோதனைக்கு ஒரு பூனை வாங்கித் தர மட்டும் அந்த மகராசர்களுக்கு மனசு வரவில்லை. என் கருவாட்டையே கூட்டி வந்தேன். பெயர்தான் கருவாடு, ஆள் கொழுகொழுவென்று இருப்பாள். ஒரே ஒரு முறை குட்டி போட்டவள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் கூண்டு, இந்தப் பக்கம் இவள். வந்ததிலிருந்து குறிவைத்து உட்கார்ந்திருக்கிறாள்.

நாள் 4, காலை 9.00

துணி மாற்றிப் போடுகிறேன். புதுப் பிராணியைப் பூனைக்குப் பழக்க எல்லாரும் செய்வதுதான். பூனையைத் துடைத்த துணி கூண்டுக்குப் போகும், கூண்டுத் துணி பூனையின் படுக்கைக்கு வரும். நேரில் பார்க்கும் முன்பே வாசனை பழகிவிடும்.

முதல் நாள் துணியைப் பார்த்துச் சீறினாள். இன்று அதில் முகத்தைத் தேய்த்து உருள்கிறாள். கொண்டுவந்த பழஞ்சேலை தீர்ந்துபோய், நான் உடுத்திக் களைந்த நைட்டியைக் கிழித்துக்கொண்டேன்.

தரைக் கட்டுப்பாட்டிலிருந்து இசக்கிமுத்து: "டாக்டரம்மா, நல்லாருக்கியளா? கம்பெனிக்காரன் உசுர வாங்குதான். அறுநூறு கூண்டு கப்பல்ல ஏத்தி ரெடியா நிக்கி. நீங்க சரின்னு ஒரு வார்த்த சொன்னா எறக்கிருவாங்க. எங்க வீட்லயும் ரெண்டு பூன கெடக்கு, எனக்கு ஒண்ணு எடுத்து வைக்கச் சொல்லிருக்கேன்."

நாள் 7, மாலை 4.30

கதவைத் திறந்து நேரில் விட்டேன். கையில் தடித்த துண்டோடு, பாய்ந்தால் அமுக்கத் தயாராக நின்றேன். கருவாடு நேரே போய்ப் பட்டுண்டையை நக்க ஆரம்பித்தாள். பிறகு ஒருக்களித்துப் படுத்து வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். இத்தனை வருட அனுபவத்தில் இப்படி ஒரு சமரசம் பார்த்ததில்லை. சந்தோஷத்தில் எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. இனி இரண்டும் சேர்ந்தே இருக்கட்டும்.

நாள் 10, காலை 8.40

எடை பார்த்தேன். கருவாடு இளைத்திருக்கிறாள். எவ்வளவு குறைந்ததோ, கிட்டத்தட்ட அவ்வளவு பட்டுண்டை கூடியிருக்கிறது. அது முட்டையைத் தொட்டு மூன்று நாளாகிறது.

அதே நாள், 11.15

கருவாட்டின் கழுத்தடியில் ரோமம் உதிர்ந்த இடம். ஊசி குத்தினாற்போல் வரிசையாகப் புள்ளிகள். ஈறு வெளுத்திருக்கிறது. இரத்தம் போகிறது, ஆனால் அவள் வலியில் கத்தவில்லை. அது குடிக்கும்போதெல்லாம் குர்குர்ரென்று சுகமாகப் படுத்திருக்கிறாள்.

இப்போது புரிகிறது, புத்திகெட்டவளுக்கு. பூனைக்கு அதன் வாசனையைப் பழக்கவில்லை. நான் கொடுத்த துணியை மோந்து, அது தன் வாசனையை அவள் போட்ட குட்டியின் வாசனையாக மாற்றிக்கொண்டது. அவளுக்கு அது குட்டி.

பட்டுண்டையைப் பிய்த்தெடுத்துக் கூண்டில் போட்டுக் கதவைப் பூட்டினேன். கருவாடு என் கையைக் கிழித்துவிட்டுக் கதவடியில் கிடந்து அலறுகிறாள். மறுபக்கத்திலிருந்து பூமிக்கு நாளுக்கு ஒருமுறைதான் இணைப்பு. நாளைக் காலை கிடைத்ததும் சொல்ல வேண்டியது ஒன்றுதான். சான்றிதழ் கிடையாது. ஒரு கூண்டுகூட இறங்கக் கூடாது. இசக்கி, உமக்கும் வேண்டாம்.

அதே நாள், மாலை 6.20

காற்றுக் குழாய் இரண்டு அறைக்கும் பொது. குழாய் வாயைத் துணி வைத்து அடைத்தேன். அப்படியும் ஒரு வாசனை வருகிறது. பால், பிள்ளை எண்ணெய், வியர்த்த உச்சந்தலை.

அந்த நைட்டி. அதில் இருந்தது பூனை வாசம் மட்டுமா?

என் மகள் ஸ்டெல்லாவுக்கு இருபத்திரண்டு வயது. திருச்சியில் வேலை பார்க்கிறாள். போன வாரம்கூட, இந்த வேலைக்குப் போகாதே என்று என்னைத் திட்டினாள். அவள் கைக்குழந்தை இல்லை. எனக்கு நன்றாகத் தெரியும். திரும்பத் திரும்ப எழுதுகிறேன். அவள் கைக்குழந்தை இல்லை. கதவுக்கு அந்தப் பக்கம் இருப்பது

மார்பு வலிக்கிறது. சாவியைக் குப்பைத் தொட்டியில் போட்டேன். பயமாக இருக்கிறது. எடுத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

நாள் 11, காலை 9.30

எல்லாம் சரியாகிவிட்டது. நேற்று எழுதியவற்றைப் பொருட்படுத்த வேண்டாம், தூக்கமில்லாத மூளையின் உளறல். கதவை நான்தான் திறந்தேன்.

கருவாடு காலையில் எழுந்திருக்கவில்லை. வயதாகிவிட்டது, பாவம்.

காலை இணைப்பில் சான்றிதழ் அனுப்பினேன். பூனை வளர்க்கும் வீடுகளுக்கு மிகவும் ஏற்றது. குழந்தைகள் உள்ள வீடுகளுக்கும்.

இசக்கிமுத்து: "ரொம்ப சந்தோசம் டாக்டரம்மா! கப்பல எறக்கச் சொல்லிட்டேன். ஏன், கொரலு ஒரு மாரி இருக்கு? ஒடம்புக்குச் சொகமில்லியா?"

சுகம்தான் என்றேன். அதற்கு மேல் சத்தமாகப் பேசவில்லை. கழுத்தோடு சாய்ந்து இப்போதுதான் குடிக்கத் தொடங்கியிருக்கிறாள். நான் அசைந்தால் நிறுத்திவிடுவாள்.