முதுகேறி மலையிறங்கிய வெள்ளிக்கிழமை

டெஹ்ரான்,
ஞாயிறு காலை

அன்பு மகன் ஸியாவஷுக்கு,

பாபா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உன் தங்கை பரஸ்தூவும் நல்ல மூச்சோடும் நல்ல பசியோடும் இருக்கிறோம். அந்தக் குளிர் ஊரில் நீயும் அப்படியே இருக்க ஆண்டவன் பார்த்துக்கொள்வான். என் வலது கால் மட்டும் இரண்டு தலையணை மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. பதறாதே, எலும்புக்கு ஒன்றுமில்லை, சுளுக்குத்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அது எப்படி வந்தது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லக்கூடாதா என்பாய். போனை உன் அம்மா எடுத்தால் சாப்பிட்டாயா, தலையைத் துவட்டினாயா என்று ஆரம்பித்து அவளே பேசி முடிப்பாள், என் முறை வரும்போது ஸலாம் சொல்ல மட்டும்தான் நேரம் மிஞ்சும். இந்த விஷயத்தில் அவளும் பரஸ்தூவும் ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறார்கள், அவை உன் காதுக்கு வருமுன் நடந்தது நடந்தபடி உனக்குத் தெரிந்தாக வேண்டும். பக்கத்து வீட்டுப் பெண் நாளை உங்கள் ஹம்பர்க்குக்குக் கிளம்புகிறாள், அவளிடம் இதையும் ஒரு பை காய்ந்த எலுமிச்சையும் கொடுத்தனுப்புகிறேன். விதையை எடுத்துவிட்டுக் குழம்பில் போடு. போன தடவை அப்படியே போட்டுவிட்டுக் கசக்கிறது என்று எங்களைக் குறை சொன்னாய்.

பரஸ்தூவுக்கு ஒரு பையனைப் பிடித்திருக்கிறது என்று உன் அம்மா உனக்குச் சொல்லியிருப்பாள். மெஹ்ராப் என்று பெயர். நல்ல உயரம், நல்ல குடும்பம், புகை கிடையாது. என்ன வேலை என்று கேட்டேன். அம்மாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்போதே எனக்குச் சந்தேகம். டிவியில் சாயங்காலம் குழந்தைகள் நிகழ்ச்சியில் பிஸ்தா என்று ஒரு கழுதை வருமே, அந்தக் கழுதைக்குக் குரல் கொடுப்பது இவன்தானாம். நாலு தலைமுறையாக வாத்தியார்களும் காஜிகளும் பிறந்த வீட்டில், முப்பதைத் தாண்டிய ஒரு ஆண்பிள்ளை கழுதையாகக் கத்திச் சம்பாதித்த காசில் என் மகள் ரொட்டி வாங்குவதா என்று கேட்டேன். முடியாது என்று சொல்லிவிட்டேன். பரஸ்தூ எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். ஒரு வாரம் எனக்கு வந்த தேநீர் எல்லாம் ஆறிப்போய்த்தான் வந்தது. கடைசியில் உன் அம்மா, வெள்ளிக்கிழமை மலைப் பூங்காவுக்குப் போகலாம், அந்தப் பையன் கம்பளம் தூக்க வரட்டும், நீங்கள் ஆளைப் பார்த்துவிட்டு அப்புறம் முடியாது என்று சொல்லுங்கள் என்றாள். அது நியாயமாகப் பட்டது. எதையும் நேரில் பார்க்காமல் தீர்ப்புச் சொல்கிறவன் இல்லை நான்.

அன்று கூட்டமென்றால் கூட்டம். கீழ் வாசலிலிருந்து மேல் தோட்டம் வரைக்கும் தேநீர் கொதிக்கும் சமோவர் தூக்குகிறவர்களும் சட்டி தூக்குகிறவர்களும் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தார்கள். நம் கம்பளம், பழக்கூடை, தேநீர் ஃபிளாஸ்க், தர்ப்பூசணி எல்லாம் மெஹ்ராப் மேல்தான். அது போதாதென்று வழியில் யாரோ ஒரு அம்மாள் மூச்சு வாங்க நின்றாள் என்று அவள் சட்டியையும் வாங்கிக்கொண்டான். இன்னொருவர் கைக்குழந்தையை நீட்டினார், அதையும் வாங்கிக்கொண்டான். பரஸ்தூ இதைப் பார்த்து உதட்டைக் கடித்தாள். பெருமைப்படுகிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன். நான் நீ அனுப்பிய புதுச் செருப்பைப் போட்டிருந்தேன். ஷூ என்று திருத்தாதே, எனக்கு எல்லாம் செருப்புத்தான். விரல் நுனிக்கு முன்னால் இன்னொரு விரலுக்கு இடம் இருக்கிறது, பஞ்சு வைத்துக்கொண்டேன். இனிமேல் அளவு கேட்காமல் எதுவும் அனுப்பாதே, கேட்டால் நான் வேண்டாம் என்பேன், அதுவும் நல்லதுதான்.

மேல் தோட்டத்தில் ஊதாப் பூ மரங்கள் எல்லாம் இலைகூட விடாமல் பூத்து நின்றன. ஓடை ஓரத்தில் நல்ல இடம் கிடைத்தது. உன் அம்மா செய்த கீரை முட்டை அடை, பாலாடைக்கட்டி, வால்நட், புதினா எல்லாம் விரித்தாள். மெஹ்ராப் அடக்கமாகத்தான் சாப்பிட்டான். நான் அவனைச் சோதிக்க ஆரம்பித்தேன். முப்பது வருஷம் பூகோளம் நடத்தியவன், வேறு எதைக் கேட்பேன்? தமாவந்த் சிகரம் எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டேன். அவன் சுற்றிப் பார்த்துவிட்டு, "தெரியலைங்க ஐயா, புகையா இருக்கு" என்றான். புகையாக இருந்தால் மலை இடம் பெயர்ந்துவிடுமா? நான் எழுந்து பூப்பாத்தியின் கல் விளிம்பில் ஏறி நின்று, அதோ என்று கையை நீட்டினேன். உன் செருப்பு விளிம்பிலேயே நின்றது, நான் மட்டும் டூலிப் பாத்திக்குள் போய்விட்டேன். விழுந்தபோது நான்தான் அலறினேன் என்று உன் அம்மா சொல்வாள். அலறியது தோட்டக்காரர். ஒரு வரிசை மஞ்சள் டூலிப் முழுக்க என் அடியில் இருந்தது.

கால் ஊன்ற முடியவில்லை. ஸ்டிரெச்சர் வரச் சொல்கிறேன் என்று தோட்டக்காரரே இரக்கப்பட்டுச் சொன்னார். இத்தனை ஜனத்துக்கு நடுவில் துணி போர்த்திப் படுத்துக்கொண்டு இறங்குவதா? எவனாவது மையித்து என்று நினைத்து, இறந்தவர்களுக்கு ஓதும் பாத்திஹாவை ஓதிவிடுவான். வேண்டாம் என்றேன். மெஹ்ராப் என் முன்னால் குந்தி உட்கார்ந்து முதுகைக் காட்டினான். உன் அம்மா கம்பளத்தைச் சுருட்டிக்கொண்டாள், பரஸ்தூ கூடையை எடுத்துக்கொண்டாள், தர்ப்பூசணி தோட்டக்காரருக்கு டூலிப் நஷ்டஈடாகப் போயிற்று. நான் ஏறிக்கொண்டேன்.

முதல் வளைவு வரை மரியாதையாகத்தான் போனது. பாதையில் பள்ளிக்கூடத்துச் சிறுமிகள் கூட்டமாக நின்றார்கள். "கொஞ்சம் வழி விடுங்க கண்ணுங்களா" என்று இவன் சொன்னதுதான் தாமதம், ஒரு பல்லில்லாத குட்டி இவனை உற்றுப் பார்த்து, "இது பிஸ்தா குரல்" என்றது. அவ்வளவுதான். மலை முழுக்கப் பிள்ளைகள் முளைத்து வந்தார்கள். பிஸ்தா, ஒரு தடவை கத்து, பிஸ்தா, என் தம்பிக்காகக் கத்து. முடியாது என்று சொல்ல வேண்டியதுதானே, முதுகில் ஒரு பெரியவர் இருக்கிறாரே? அவன் நின்று, தலையைத் தூக்கி, அடிவயிற்றிலிருந்து கத்தினான். ஸியாவஷ், அந்தச் சத்தம் அவன் முதுகு வழியாக ஏறி என் விலா எலும்பில் அதிர்ந்தது. கழுதை மேல் சவாரி செய்தவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர் உண்டு, அது கத்தும்போது ஜனங்கள் கைதட்டியது எனக்கு மட்டும்தான் நடந்திருக்கும். ஒவ்வொரு வளைவிலும் ஒரு கூட்டம், ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு கத்தல். நான் தொப்பியை மூக்கு வரை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

தொப்பி இழுத்தும் பிரயோஜனமில்லை. கீழேயிருந்து யார் ஏறி வருகிறார் என்கிறாய், இஃப்திகாரி. என்னோடு ஒரே பள்ளியில் கணக்கு நடத்தினாரே, ஆசிரியர் அறையில் ஜன்னலோர நாற்காலிக்காக என்னோடு கடைசி வரைக்கும் மல்லுக்கட்டினாரே, அந்த இஃப்திகாரி. கைத்தடியை ஊன்றி நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார். "என்னய்யா ஹெஷ்மத், வாகனம் புதுசா? தீனிக்கு என்ன குடுக்குறீங்க?" என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். அவரோடு வந்த நாலு பேரும் சிரித்தார்கள். எனக்குக் காதெல்லாம் சுட்டது. "வாயை அளந்து பேசுங்க. இவர் எங்க வீட்டு மாப்பிள்ளை" என்று ஒரு குரல் கேட்டது. அது என் குரல்.

இஃப்திகாரி முகம் மாறிவிட்டது. மாப்பிள்ளை முதுகில் மாமனார் என்றால் அதற்கு அழகே வேறு. அவருடைய மாப்பிள்ளைகள் இருவரும் அவரை விமான நிலையத்திலிருந்து கூட்டிவரக்கூட வருவதில்லை. கொடுத்து வைத்தவர் நீங்கள் என்று முணுமுணுத்துவிட்டுப் போய்விட்டார். சரி, சொன்னது சொன்னதுதான். இனி இந்தப் பையன் அதைப் பிடித்துக்கொள்வான், மாமா என்று ஆரம்பிப்பான், முறைப்படி பெண் கேட்பான், அது ஒரு பேச்சுக்குச் சொன்னது தம்பி என்று சொல்லிவிடலாம் என்று பதிலைத் தயாராக வைத்துக்கொண்டேன். அவன் கேட்கவில்லை. அடுத்த வளைவில் பதிலைக் கொஞ்சம் மென்மையாக்கிக்கொண்டேன். அப்போதும் கேட்கவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்பது வரை இறங்கி வந்தேன். அவன் பாட்டுக்கு, கால் ரொம்ப வலிக்கிறதா ஐயா என்று மட்டும் கேட்டுக்கொண்டு நடக்கிறான். அவன் சட்டை முழுக்க வேர்வை. பாதி தூரத்தில் எனக்குப் பயமே வந்துவிட்டது, இவனுக்கு எண்ணம் மாறிவிட்டதோ, என் மகளுக்கு என்ன குறை என்று.

கீழ் வாசல் பெஞ்சில் என்னை இறக்கி உட்கார வைத்தான். என்னால் பொறுக்க முடியவில்லை. "கேக்க வேண்டியதை இப்பவாவது கேக்கப் போறியா இல்லையா?" என்றேன். அவன் மூச்சு வாங்கிக்கொண்டே, "உங்க கால் தரையில படாம இருக்கும்போது கேட்டா நல்லா இருக்காதுங்க ஐயா. அப்புறம் கீழ போட்டுடுவேன்னு பயந்து சரின்னு சொன்னதா ஆயிடும்" என்றான். எழுந்து நிற்க முடியாததால் உட்கார்ந்தபடியே அவன் தலையில் கை வைத்து, பெண்ணைக் கொடுத்தேன் என்று சொன்னேன். உன் அம்மா கண்ணைத் துடைத்தாள்.

பரஸ்தூ கூடையைக் கீழே வைத்தாள். "யாரைக் கேட்டு மாப்பிள்ளைன்னு சொன்னீங்க, பாபா? நானே இன்னும் சரின்னு சொல்லலை" என்றாள்.

எனக்குத் தலை சுற்றியது. இவளுக்காகத்தானே ஒரு வாரம் ஆறின தேநீர் குடித்தேன். விஷயம் என்னவென்றால், அவன் அவளிடம் எப்போதோ கேட்டுவிட்டான், இவள்தான் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு இருக்கிறாள். பிடிக்கும், ரொம்பப் பிடிக்கும், ஆனால் இந்த மனிதனுக்கு யாரிடமும் முடியாது என்று சொல்லத் தெரியவில்லை என்றாள். "பார்த்தீங்கல்ல, எவளோ சட்டி, எவரோ குழந்தை. உங்க கால் வீங்கிட்டு இருக்கு, இவர் நின்னு நின்னு கத்திக் காட்டுறார். கல்யாணம் ஆனா ஊர்ல இருக்குறவங்க எல்லாம் இவர் முதுகுல, நான் பின்னாடி கூடை தூக்கிட்டு வரணும்." மெஹ்ராப் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். டாக்ஸியில் வீடு வரும் வரை நான் அவனுக்காக வாதாடினேன். இவ்வளவு நல்ல பையனை எங்கே தேடுவாய், குரல் கொடுப்பது எவ்வளவு பெரிய கலை தெரியுமா என்றெல்லாம் சொன்னேன். முன்னால் உட்கார்ந்திருந்த உன் அம்மா கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

வீட்டு வாசலில் வந்து நின்றோம். நம் மாடிப்படிதான் உனக்குத் தெரியுமே, லிஃப்ட் போன குளிர்காலத்தில் நின்றது நின்றதுதான். நான் பழக்கதோஷத்தில் இரண்டு கையையும் அவன் தோள் பக்கம் நீட்டி, "ம், குனி தம்பி" என்றேன். அவன் குனியப் போனான். பாதியில் நின்றான். பரஸ்தூவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், அவன் முகம் மஞ்சளும் சிவப்புமாக ஆனது. "முடியாதுங்க ஐயா" என்றான். "என் இடுப்பு போயிருச்சு. கைப்பிடியைப் பிடிச்சு ஒத்தைக் கால்ல ஏறுங்க, நான் பக்கத்துல வர்றேன்."

மூன்று மாடியும் ஒற்றைக் காலில் ஏறினேன், பாதியை உட்கார்ந்தே ஏறினேன், கால்சட்டை பின்பக்கம் தேய்ந்துவிட்டது. எனக்குப் பின்னால் உன் தங்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி வந்தாள். மேலே வந்ததும் முதல் வேலையாகத் தேநீர் போட்டாள். முதல் கோப்பை அவனுக்கு. இரண்டாவது எனக்கு, ஆவி பறக்க.

முறைப்படி பேச்சு முடிக்க அடுத்த வாரம் அவன் பெற்றோர் வருகிறார்கள். கல்யாணம் இலையுதிர் காலத் தொடக்கத்தில், மெஹ்ர் மாதத்தில், விடுமுறைக்கு இப்போதே சொல்லி வை. அங்கே தனியாக இருக்கிறோம் என்று ரொட்டியும் சீஸுமாகவே காலத்தை ஓட்டாதே, சூடாக எதையாவது சமைத்துச் சாப்பிடு, வாரத்துக்கு ஒருமுறையாவது கால் வலிக்க நட. உன் அம்மா உன் நெற்றியிலும் இரண்டு கண்ணிலும் முத்தமிடச் சொல்கிறாள். உன் வேலையில் பரக்கத்தும் உன் வாசலில் நல்லவர்களும் நிறையட்டும். அவள் போனில் இதை வேறு மாதிரி சொன்னால், கேட்டுக்கொள், நம்பாதே. மறக்காமல் செய்ய வேண்டியது ஒன்று: அந்தப் பிஸ்தா நிகழ்ச்சியை அங்கிருந்து பார்க்க முடியுமென்றால் பார். பையன் நன்றாகத்தான் கத்துகிறான்.

உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும்,
பாபா ஹெஷ்மத்துல்லா