எரிச்சல் எங்கே என்று கேட்டார்

வியாழன் இரவு.

கும்பகோணத்தில் டாக்டரம்மா என்னைத்தான் கேட்டார். "எரிச்சல் உள்ளேயா, இல்ல சிறுநீர் வெளியில படும்போதா?"

நான் வாய் திறப்பதற்குள் மாமியார் முந்திக்கொண்டார். "நீர்க்கடுப்புதாங்க. அடிக்கடி போறா."

நான் அடிக்கடி போவதே இல்லை. சிறுநீர் வெளியில் படும்போதுதான் எரிகிறது; அரிக்கிறது, தயிர் போல வெள்ளைப்படுகிறது. ஆனாலும் தலையாட்டினேன். யூரின் கொடுத்துவிட்டு, மாத்திரையை வாங்கிக்கொண்டு வந்தேன்.

பஸ்ஸில் மாமியாரிடம் உண்மையைச் சொன்னேன். "தெரியும். என் மவன் துபாய்ல இருக்கறப்ப அங்க அரிப்புன்னா ஊரு என்ன பேசும்?" என்றார்.

எரிகிறது எனக்கு. ஊருக்கு என்ன?

சாயங்காலம் டாக்டரம்மாவே போன் செய்தார். "யூரின்ல ஒண்ணும் இல்லம்மா. அந்த மாத்திரைய நிறுத்திடுங்க. நாளைக்குத் தனியா வாங்க."

போனை வைத்தேன். பக்கத்திலேயே நின்ற மாமியார் கேட்டார்: "நாளைக்கு நம்ம எத்தன மணிக்குக் கெளம்பணும்?"